எல்லைப்புறச் சேமிப்பும் பொதுப் பங்கு வெளியீடும்

ஒரு நிறுவனம் தன் உரிமையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, அவற்றை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பதை முதல் பொதுப் பங்கு வெளியீடு என்று நிதித்துறை வழங்குகிறது. பேச்சுவழக்கில் அது ஐ.பி.ஓ. என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கிவிட்டது. அதுவரை நிறுவனர், அவருடைய குடும்பம், நண்பர்கள், ஒருசில பெருமுதலீட்டாளர்கள் ஆகியோரிடம் மட்டும் இருந்த உரிமை, அந்த ஒரு வாரத்தில் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரின் கைக்குப் போகிறது. நிறுவனத்தின் கணக்கையோ அதை நடத்துபவரின் குணத்தையோ நேரில் கண்டறிய வாய்ப்பில்லாத ஒருவர் எதை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும். பங்கு வெளியீட்டைப் பற்றிய சட்டங்களும் விதிகளும் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட விடைகளே. அந்த விடைகளை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் சேமிப்பு மரபோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பகுதியைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் உள்ள இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, வடக்கே நெசவாளர் தெருக்கள் நிறைந்த பாலராமபுரம், கிழக்கே வெள்ளறடை என்று நீளும் இந்த நிலத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த குடும்பங்கள் பல. மலையாளத்தில் ஓஹரி என்ற சொல் குடும்பச் சொத்தில் ஒருவருக்கு விழும் கூறையும் நிறுவனப் பங்கையும் ஒருசேரக் குறிப்பதுபோல, தமிழில் பங்கு என்ற சொல்லும் இரண்டையும் குறிக்கிறது; கத்தோலிக்கர் மிகுந்த இப்பகுதியில் அதே சொல் கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் சமூகத்தையும் குறிக்கும். கூட்டாக ஒன்றுக்கு உரிமை கொண்டாடுவது என்ற கருத்து இந்த மக்களுக்குப் புதியதன்று. அந்த உரிமை முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து வாங்கப்படுவதுதான் புதியது.

இக்கிராமங்களில் பணம் சேர்ந்த வழிகள் பெரும்பாலும் முகம் தெரிந்த வழிகள். பொன் வாங்கி வைப்பதும் அவசரத்துக்கு அதைப் பணயம் வைப்பதும் ஒன்று. சிட்டி பிடிப்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் சீட்டு என்றும் வடகேரளத்தில் குறி என்றும் வழங்கும் இந்த முறையில், குறிப்பிட்ட பேர் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்ட, சேர்ந்த தொகையை ஏலத்திலோ குலுக்கலிலோ ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வர். இதை நம்பகமாக நடத்துவதற்கென்றே கேரள அரசு 1969இல் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தைத் தொடங்கியது. கூட்டுறவு வங்கி வைப்பு, எல்.ஐ.சி. பாலிசி, வளைகுடாவில் இருந்து வரும் பணத்தை உடனே நிலமாக மாற்றுவது ஆகியவற்றையும் சேர்த்தால் படம் ஏறக்குறைய முழுமையாகிவிடும். இவை எல்லாவற்றிலும் பணம் கொடுப்பவர், வாங்குபவரையோ அவருடைய முகவரையோ பெயர் சொல்லி அழைக்கக்கூடியவராகவே இருந்தார்.

முகத்தின் இடத்தில் ஏட்டை வைத்த முதல் பெரிய முயற்சி 1602இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்நாட்டில் குடியிருக்கும் எவரும் விரும்பிய தொகைக்குப் பங்கு எழுதலாம் என்று அறிவித்துப் பதிவேட்டைத் திறந்து வைத்தது. ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் 1,143 பேர் பெயர் எழுதினர்; அவர்களில் செல்வ வணிகர்களோடு, கம்பெனி இயக்குநர் ஒருவரின் வீட்டுப் பணிப்பெண்ணும் 100 கில்டருக்குப் பெயர் எழுதினாள். எல்லாக் கிளைகளிலும் சேர்ந்த மூலதனம் 64 லட்சம் கில்டரைத் தாண்டியது. பங்கை விற்கவும் வாங்கவும் ஓரிடம் வேண்டியிருந்ததால் அதே நகரத்தில் பங்குச் சந்தையும் வளர்ந்தது. அந்தக் கம்பெனி தேடிவந்த மிளகு விளைந்த நாடுகளில் திருவிதாங்கூரும் ஒன்று என்பதும், 1741இல் பாறசாலைக்குத் தெற்கே குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மரின் படை அதே கம்பெனியின் படையைத் தோற்கடித்தது என்பதும் இப்பகுதியினர் நன்கறிந்த வரலாறு. அரியணைக்கான போராட்டத்தின்போது அந்த மன்னர் பதுங்கியிருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் போற்றப்படுகிறது. குளச்சலில் தோற்றவை ஆம்ஸ்டர்டாமின் பணிப்பெண்களும் வணிகர்களும் போட்ட முதலில் இருந்து வளர்ந்த படைகள் என்ற கோணத்தில் அந்தப் போர் இதுவரை அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டியது அது.

முகமறியாதோரிடம் பங்கு விற்கும் முறை எளிதில் சூதாட்டமாகிவிடும் என்பதை 1720இல் லண்டனில் வெடித்த தென்கடல் கம்பெனிக் குமிழியும், பருத்தி வணிகத்தில் கொழித்த பம்பாயில் 1865இல் சரிந்த பங்கு மோகமும் காட்டின. பிரிட்டனில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு விற்க முனையும் நிறுவனம் தன் விவர அறிக்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. விவர அறிக்கை என்பது, நிறுவனம் யாருடையது, என்ன தொழில், எவ்வளவு பணம் கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்று எழுத்தில் சொல்லும் ஆவணம். அதில் பொய் சொன்னால் சொன்னவர் பொறுப்பு. முகமறியாதவர் நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும் என்ற தேவைக்கு இதுவே இன்றுவரை உள்ள விடை.

தமிழகத்தில் பொதுமக்களிடம் பங்கு விற்ற வரலாற்றில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு ஒப்பான இன்னொன்று இல்லை. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் கொண்ட 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் என்ற பங்கு விலை, சிறு வணிகரும் அரசு ஊழியரும் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் வைக்கப்பட்ட விலை. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அந்த வெளியீட்டில் பங்கு வாங்கியவர்கள் லாபக் கணக்கை மட்டும் பார்த்து வாங்கவில்லை. ஆங்கிலேயர் கப்பலுக்கு எதிரே நம் கப்பல் ஓட வேண்டும் என்ற உணர்வுக்கு விலை கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதும், 1908இல் வ.உ.சி. சிறை சென்றதும், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டதும் தெரிந்த கதை. பங்குதாரர் பார்வையில் அந்தக் கதையில் ஒரு பாடம் மறைந்திருக்கிறது: பங்கு என்பது கடன் அன்று, நிறுவனம் போனால் பங்கும் போகும், திருப்பிக் கேட்க எவரிடமும் உரிமை இல்லை. டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்துச் சுருக்கமும் சிதம்பரம் பிள்ளையின் பெயர்ச் சுருக்கமும் ரோமன் எழுத்தில் VOC என்று ஒன்றேயாக அமைந்தது வெறும் தற்செயல்தான். ஆயினும் பங்கு விற்பனையின் வரலாற்றைத் தமிழில் எழுதுபவர் அதைக் கவனியாமல் கடக்க இயலாது.

திருவிதாங்கூரில் பங்குதாரருக்கும் வைப்பாளருக்கும் உள்ள வேறுபாட்டை நாடு முழுவதும் உணர வைத்த நிகழ்ச்சி 1938இல் நடந்தது. 1912இல் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும் 1919இல் தொடங்கிய குயிலான் பாங்கும் 1937இல் இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக ஆன மறு ஆண்டே, 1938 ஜூனில், பணம் கொடுக்க இயலாமல் நின்றுவிட்டது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த அரசியல் பகை இதில் எவ்வளவு பங்காற்றியது என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வங்கி கலைக்கப்படும்போது சொத்தில் தேறும் பணம் முதலில் வைப்பாளர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் போகும். பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பார். வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற வாதத்தை இந்த வீழ்ச்சி வலுப்படுத்தியது. அச்சட்டம் 1949இல் வந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, பங்கு விற்பனையைத் தானே விலை நிர்ணயித்து நடத்தும் வழியைத் தேர்ந்தது. 1947ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு நிறுவனம் எவ்வளவு பங்கு, என்ன விலைக்கு விற்கலாம் என்பதைத் தில்லியில் இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு செய்தார். பங்கின் முகமதிப்பு, அதாவது சான்றிதழில் அச்சிட்ட பெயரளவு விலை, பெரும்பாலும் 10 ரூபாயாக இருந்தது. நல்ல நிறுவனத்தின் பங்கும் அதையொட்டிய குறைந்த விலைக்கே விற்கப்பட்டது. 1977இல் ரிலையன்ஸ் நிறுவனம் 10 ரூபாய்க்கு 28 லட்சம் பங்குகளை விற்றபோது சுமார் 58,000 பேர் பங்குதாரர் ஆயினர். அந்தக் காலத்தில் வெளியீட்டில் பங்கு கிடைத்தவருக்குச் சந்தைக்கு வந்த உடனே லாபம் கிடைப்பது வழக்கமாக இருந்ததால், விண்ணப்பம் போட்டால் போதும், நிறுவனத்தை ஆராய வேண்டியதில்லை என்ற மனப்பழக்கம் ஒரு தலைமுறைக்கே ஏற்பட்டுவிட்டது. விலைக்கட்டுப்பாடு 1992இல் நீங்கிய பின்னும் அந்தப் பழக்கம் நீங்கவில்லை; அடுத்து நேர்ந்த இழப்புகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

1988இல் அமைந்து 1992இல் சட்ட அதிகாரம் பெற்ற பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி, தன் முன்னோடியின் வேலையைத் தொடரவில்லை. வேறொரு வேலையை மேற்கொண்டது. இந்தப் பங்கு இந்த விலைக்குத் தகுமா என்று அது சொல்வதில்லை. தகுமா இல்லையா என்று வாங்குபவர் முடிவு செய்யத் தேவையான எல்லாம் அறிக்கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இந்த மாற்றத்தைப் பலர் இன்றும் உணரவில்லை. செபி அனுமதித்த வெளியீடு என்று முகவர்கள் சொல்லும்போது, அரசே அந்தப் பங்குக்கு உத்தரவாதம் அளித்ததைப் போலக் கேட்பவர் எண்ணிக்கொள்கிறார். விதிகள் முற்றாத 1990களின் நடுப்பகுதியில், பணம் திரட்டிக்கொண்டு முகவரியே இல்லாமல் போன நிறுவனங்கள் ஏராளம். அவற்றைக் காணாமற்போன கம்பெனிகள் என்றே அரசு ஆவணங்கள் குறித்தன. அவற்றைத் தேடிப்பிடிப்பதற்கென 1999இல் ஒரு குழுவே அமைக்க நேர்ந்தது.

பொதுமக்கள் என்றால் எத்தனை பேர் என்பது வெற்றுக் கேள்வி போலத் தோன்றினாலும், சட்டத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் பத்திரம் விற்றால் அது பொது வெளியீடு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகாமல் தனிப்பட்ட முறையில் விற்கலாம். சஹாரா குழுமத்தின் இரு நிறுவனங்கள் கோடிக்கணக்கானோரிடம் கடன் பத்திரம் விற்றுவிட்டு, அது தனிப்பட்ட விற்பனை என்று வாதிட்டபோது, 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை வட்டியோடு திருப்பித் தர ஆணையிட்டது. இதே கேள்விக்கு எல்லைக் கிராமங்களில் வேறொரு வடிவம் உண்டு. நிதி என்று பெயர் கொண்ட கம்பெனிகள், தம் உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கலாம் என்பது சட்டம். ஒருவரை உறுப்பினராக்க அவருக்குச் சிறு தொகைக்குப் பங்கு ஒதுக்கினால் போதும். 2014ஆம் ஆண்டு விதிகள் வைப்பாளர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது பத்துப் பங்குகளோ 100 ரூபாய் மதிப்புள்ள பங்குகளோ ஒதுக்கச் சொல்கின்றன. ஆகவே வைப்புப் போடச் செல்பவர் தாம் பங்குதாரர் ஆனதையே அறியாமல் பங்குதாரர் ஆகிறார். ஆனால் பொது வெளியீட்டில் கட்டாயமான விவர அறிக்கை எதுவும் அவர் கைக்கு வருவதில்லை.

2017 செப்டம்பரில் எல்லையை ஒட்டி, தமிழகப் பக்கத்தில், பளுகல் அருகேயுள்ள மத்தம்பாலையில் இயங்கிவந்த ஒரு நிதி நிறுவனம் கதவடைத்தபோது, எல்லைக்கு இப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் பல குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த பணம், ஓய்வூதியத்தில் வந்த பணம், வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் என்று முடங்கியவை எல்லாமே ஒரு வீட்டின் எதிர்காலமாக இருந்தவை. நிறுவனம் ஒரு மாநிலத்திலும் பணம் போட்டவர் இன்னொரு மாநிலத்திலும் இருந்ததால் முறையிடும் இடமே முதலில் குழப்பமானது. இந்த வேதனையை நிதியறிவின்மை என்று ஒதுக்குவது நியாயமாகாது. பல ஆண்டு பழகிய முகத்தை நம்புவது இம்மக்களின் சேமிப்பு மரபு முழுவதிலும் சரியாகவே வேலை செய்த விதி. அந்த விதி எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்பதை அவர்களுக்கு எவரும் எழுத்தில் சொல்லவில்லை.

பொதுப் பங்கு வெளியீட்டில் அந்த எழுத்து எவ்வாறு உருவாகிறது என்பதை இனி காணலாம். நிறுவனம் முதலில் வெளியீட்டு மேலாளரை, அதாவது செபியில் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கரை, அமர்த்துகிறது. அவர்கள் வழக்கறிஞர்களோடும் தணிக்கையாளர்களோடும் சேர்ந்து பல மாதங்கள் உழைத்து வரைவு அறிக்கையைத் தயாரித்துச் செபியிடம் தருகின்றனர். அது செபியின் தளத்தில் குறைந்தது 21 நாட்கள் பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்படும். செபி கேட்கும் விளக்கங்களைச் சேர்த்துத் திருத்திய பின், விலையும் பங்கின் எண்ணிக்கையும் முழுமையாக முடிவாகாத நிலையில் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகும் அறிக்கைக்கு ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ் என்று பெயர். இது இன்னும் முடிவான அறிக்கையன்று என்ற எச்சரிக்கையை அட்டையில் சிவப்பு மையில் அச்சிட்ட அமெரிக்க வழக்கத்தில் இருந்து வந்த பெயர் அது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் அந்த ஆவணத்தில் சாமானியர் படிக்க வேண்டிய பகுதிகள் மூன்று: நிறுவனம் தானே தன் குறைகளை ஒப்புக்கொள்ளும் இடர்க் காரணிகள், திரட்டும் பணம் எதற்குச் செலவாகும் என்ற பகுதி, நிலுவையில் உள்ள வழக்குகள்.

எல்லா நிறுவனமும் ஒரே வாசலில் நுழைவதில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளிலும் குறைந்தது 3 கோடி ரூபாய் நிகர உறுதிச் சொத்து, அதே மூன்று ஆண்டுகளில் சராசரியாக 15 கோடி ரூபாய் இயக்க லாபம் முதலிய தகுதிகள் உள்ள நிறுவனம், பங்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டைச் சில்லறை முதலீட்டாளர்களுக்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிப்பவர்களுக்கு, ஒதுக்க வேண்டும். தகுதி இல்லாத நிறுவனமும் பங்கு விற்கலாம். ஆனால் 75 விழுக்காட்டைப் பரஸ்பர நிதி, காப்பீட்டு நிறுவனம் போன்ற நிறுவன முதலீட்டாளர்கள் வாங்கியாக வேண்டும், சில்லறைக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. லாபம் இல்லாத நிறுவனத்தின் இடரை ஆராயும் வலிமை உள்ளவர்கள் முதலில் சுமக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு, செபியின் விதிகளிலேயே நுட்பமானது என்று சொல்லத்தகும். வெளியீட்டுக்குப் பிந்தைய மூலதனத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை நிறுவனர்கள் தம்மிடம் வைத்திருந்து, குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்ற பூட்டும் உண்டு. விற்றுவிட்டு ஓடிப்போன 1990களின் அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது.

விலை இன்று கேட்டுக் கேட்டே முடிவாகிறது. நிறுவனம் ஒரு கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் அறிவிக்கும். வாங்க விரும்புவோர் எந்த விலைக்கு எத்தனை வேண்டும் என்று சொல்வார்கள். தேவை சேரும் இடத்தில் விலை முடிவாகும். சிட்டி ஏலத்தை அறிந்த எல்லைக் கிராமத்தவருக்கு இது எளிதில் விளங்கும். ஒரே வேறுபாடு, சில்லறை முதலீட்டாளர் முடிவான விலையை ஏற்பதாக மட்டும் குறிப்பிட்டால் போதும். விண்ணப்பங்கள் பங்குகளைவிடப் பல மடங்கு மிகும்போது, சில்லறைப் பிரிவில் குலுக்கல் முறையில் ஒரு லாட், அதாவது விண்ணப்பிக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுதி, ஒருவருக்கு ஒன்று வீதம் ஒதுக்கப்படும். 10,000 லாட்டுக்கு 1 லட்சம் பேர் விண்ணப்பித்தால் பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும். ஒருவர் ஒரு லாட் கேட்டாலும் பத்து லாட் கேட்டாலும் வாய்ப்பு ஒன்றே. 2005இல் ஆயிரக்கணக்கான போலி டீமேட் கணக்குகளை, அதாவது பங்குகளை மின்வடிவில் வைக்கும் கணக்குகளை, திறந்து சில்லறைப் பங்கை அள்ளிய மோசடி வெளிப்பட்ட பின்னர் அடையாளச் சரிபார்ப்பு இறுகியது. 2008இல் வந்த அஸ்பா முறை, விண்ணப்பத் தொகையை வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைத்து, பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டும் எடுத்துக்கொள்கிறது. காசோலை அனுப்பிவிட்டுத் திரும்ப வரும் தொகைக்காக அஞ்சற்காரரை வாரக்கணக்கில் எதிர்பார்த்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. 2023 டிசம்பர் முதல் வெளியீடு முடிந்த மூன்றாம் வேலைநாளிலேயே பங்கு சந்தையில் பட்டியலாகிறது.

கேரளத்தில் இருந்து சந்தைக்குப் போன நிறுவனங்கள் எல்லைக் கிராமத்தவர் அன்றாடம் கண்ட பெயர்கள். வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்டு 2008இல் 82 ரூபாய் விலையில் 80 லட்சம் பங்குகளை விற்றது. பணயம் வைக்கும் கடையாக மட்டும் அறியப்பட்ட முத்தூட் ஃபைனான்ஸ் 2011 ஏப்ரலில் 175 ரூபாய் வீதம் சுமார் 901 கோடி ரூபாய் திரட்டியது. நகையை அடகு வைத்தவரே அடகுக் கடையின் உரிமையில் ஒரு துளியை வாங்கலாம் என்ற நிலை அன்று வந்தது. 2017 ஆகஸ்டில் 432 ரூபாய்க்கு வந்த கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் வெளியீட்டில் ஒரு பகுதி புதிய பங்கு, இன்னொரு பகுதி மத்திய அரசு தன் கைப்பங்கை விற்றது. இந்த வேறுபாடு முக்கியமானது: புதிய பங்கின் பணம் நிறுவனத்துக்குள் போய் இயந்திரமாகவும் கிடங்காகவும் மாறும், பழைய பங்குதாரர் விற்கும் பங்கின் பணம் அவர் பைக்குப் போகும். 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய் திரட்டிய ஹூண்டாய் வெளியீட்டில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டை ஆலைக்குப் போகவில்லை, எல்லாம் கொரியத் தாய்க் கம்பெனிக்கே சென்றது. இதில் தவறில்லை, வாங்குபவர் அறிந்து வாங்கினாரா என்பதே கேள்வி.

எல்லைக் கிராமங்களின் வாசலுக்கே வந்த வெளியீடு 2022 மே மாதம் எல்.ஐ.சி. நடத்தியது. பாலிசிதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் 60 ரூபாய்த் தள்ளுபடியும் உண்டு என்றதும், அதுவரை டீமேட் கணக்கு என்றால் என்னவென்று அறியாதவர்களும் பான் எண்ணைப் பாலிசியோடு இணைத்துக் கணக்குத் திறந்தார்கள். பல ஆண்டுகளாகப் பிரீமியம் வாங்க வந்த முகவரின் முகத்தின் மேலிருந்த நம்பிக்கை அப்படியே பங்கின் மேல் சென்றது. 949 ரூபாய்க்கு விற்ற பங்கு மே 17 அன்று சந்தையில் தள்ளுபடி விலைக்கும் கீழே தொடங்கியது. பாலிசி வேறு, பங்கு வேறு என்பதை அன்று பலரும் முதன்முறையாக அறிந்தார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: 2021 மார்ச்சில் 87 ரூபாய்க்கு விற்ற கல்யாண் ஜுவல்லர்ஸ் பங்கு 73.95 ரூபாயில் பட்டியலாகி ஏமாற்றியது. பொறுத்திருந்தவர்கள் பின்னாட்களில் பன்மடங்கு பெற்றார்கள். பட்டியலாகும் நாளின் விலையை நிறுவனத்தின் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பிழை.

ஆயினும் முகத்தில் இருந்து ஏட்டுக்கு நகரும் பயணம் முழுவதையும் ஒரே நிறுவனத்தில் காண வேண்டுமென்றால் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியைப் பார்க்க வேண்டும். நாடார் மகாஜன சங்கத்தின் 1920ஆம் ஆண்டு மாநாட்டில் தோன்றிய எண்ணம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் பாங்க் என்ற பெயரில் உருப்பெற்றது; 1962இல் இன்றைய பெயர் வந்தது. சமூகத்தினர் சமூகத்தினரிடம் பங்கு வாங்கியதால் ஒருவரை ஒருவர் அறிந்தே முதலிட்டார்கள். 1990களின் நடுவில் அதன் பங்குகளில் பெரும்பகுதி வெளியே ஒரு தொழிற்குழுமத்தின் கைக்குச் சென்றபோது, அவற்றை மீட்பதற்கு ஓர் இயக்கமே நடந்தது. ஊர் ஊராகப் பணம் திரண்டது. நாடார் மக்கள் கணிசமாக வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கும் அந்தப் பெயர் அந்நியமானதன்று. நூறாண்டு கடந்த பின், 2022 செப்டம்பரில், அந்த வங்கி 510 ரூபாய் வீதம் 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் புதிய பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று ஏறக்குறைய 808 கோடி ரூபாய் திரட்டியது. அதன் விவர அறிக்கையின் இடர்க் காரணிகளில், வங்கியின் பங்கு மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிலுவை வழக்குகளில் சிக்கியிருப்பது எழுதப்பட்டிருந்தது. குடும்பச் சண்டைபோல உள்ளுக்குள்ளேயே பேசப்பட்டுவந்த ஒன்றை, முகமறியாத வாங்குபவருக்காக, வங்கி தன் கையாலேயே எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பொது வெளியீடு ஒரு நிறுவனத்துக்குத் தரும் பணத்தைவிட, அதனிடம் இருந்து வாங்கும் இந்த ஒப்புதல்தான் மதிப்பு மிக்கது.

அந்த ஒப்புதலை யார் படிக்கிறார்கள் என்று பார்த்தால் நிலைமை மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை நடந்த 144 வெளியீடுகளை ஆராய்ந்த செபி, தனிநபர்கள் தமக்குக் கிடைத்த பங்குகளில், மதிப்பின்படி, 50.2 விழுக்காட்டை ஒரே வாரத்தில் விற்றுவிட்டதாகக் கண்டது. சில்லறை ஒதுக்கீட்டில் குஜராத் மட்டும் 39.3 விழுக்காட்டைப் பெற்றது. அடுத்து மகாராஷ்டிரம், ராஜஸ்தான். பட்டியலாகும் முன்பே வாய்மொழியாக விலை பேசும் அதிகாரபூர்வமற்ற கிரே மார்க்கெட் எண்கள் கைப்பேசியில் பரவுவது, அறிக்கையைப் படிக்கும் பழக்கத்தை மேலும் அரித்துவிட்டது. ஒரு வாரத்தில் விற்கப்போகிறவருக்கு இடர்க் காரணிகள் தேவைப்படுவதில்லை.

படிக்க விரும்புபவருக்கும் தடை உண்டு, அது மொழி. விதிப்படி வெளியீட்டு விளம்பரம் ஓர் ஆங்கில நாளிதழிலும், ஓர் இந்தி நாளிதழிலும், நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தின் மொழியில் ஒரு நாளிதழிலும் வர வேண்டும். ஆகவே கொச்சி நிறுவனத்தின் விளம்பரம் மலையாளத்திலும், தூத்துக்குடி வங்கியின் விளம்பரம் தமிழிலும், மும்பை நிறுவனத்தின் விளம்பரம் மராத்தியிலும் வருகிறது. வாங்குபவர் எந்த மொழி படிப்பார் என்ற கணக்கு இதில் இல்லை. 2024 அக்டோபர் முதல் வெளியீட்டைப் பற்றிய சிறு காணொளி கட்டாயமானபோதும் ஆங்கிலமும் இந்தியுமே வகுக்கப்பட்டன. பாறசாலையில் தமிழ் பேசும் பலர் மலையாளமே படிக்கப் பழகியவர்கள் என்பதால், இங்கு இரு மொழியும் வேண்டியிருக்கிறது. கேரள அரசின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடம் தந்திருக்கிறது. ஒரு சாதிச் சான்றிதழுக்கு எழுதும் விண்ணப்பத்துக்கு உள்ள அந்த மரியாதை, வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் ஆவணத்துக்கு இல்லை.

முழு அறிக்கையையும் மொழிபெயர்ப்பது செலவு மிக்கது என்பதை ஏற்கலாம். விண்ணப்பப் படிவத்தோடு தர வேண்டிய சுருக்க அறிக்கை ஒன்று ஏற்கெனவே விதிகளில் இருக்கிறது. சில பக்கங்களே கொண்ட அதில் முதன்மை இடர்களும், பணம் செலவாகும் வகையும், வழக்குகளும் சுருக்கமாக இடம்பெறுகின்றன. அந்தச் சில பக்கங்களை எட்டாவது அட்டவணையின் மொழிகளில் தருவது, நூற்றுக்கணக்கான கோடி திரட்டும் ஒரு நிறுவனத்துக்குப் பொருட்படுத்தத்தக்க செலவன்று. மத்தம்பாலையில் பணத்தை இழந்த வீடுகளில் அடுத்த தலைமுறை இப்போது கைப்பேசியிலேயே பங்குக்கு விண்ணப்பிக்கிறது; யு.பி.ஐ. செயலியின் திரை மலையாளத்திலும் தமிழிலும் வந்துவிட்டது, அந்தத் திரையில் ஒப்புதல் கொடுத்து வாங்கும் நிறுவனத்தின் குறைகளைச் சொல்லும் பக்கங்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன.